ஒரே அடிக்கிளேஸ், ஏழு நிறமூட்டிகள்: கோன் 6 சோதனை பற்றிய ஆய்வு

மண்பாண்டத்தின் மேல் உருகிப் படியும் கண்ணாடிப் பூச்சுதான் கிளேஸ், அதற்கு நிறம் தரச் சேர்க்கும் உலோகச் சேர்மம் நிறமூட்டி. நிறமூட்டிக்கென்று தனி நிறம் கிடையாது. குரோம் ஆக்சைடு ஒரு கிளேஸில் பச்சையாக வரும், துத்தநாகம் கலந்த கிளேஸில் பழுப்பாகிவிடும், வெள்ளீயமும் சுண்ணமும் சேர்ந்த இடத்தில் இளஞ்சிவப்பாகும். அதனால் “ஒரு சதவீதம் கோபால்ட் போட்டால் என்ன நிறம்?” என்ற கேள்விக்குப் பதில் இல்லை. “இந்த அடிக்கிளேஸில், இந்தச் சூளையில், இந்தத் தடிமனில்” என்று சேர்த்துக் கேட்டால்தான் பதில் கிடைக்கும். இங்கே அடிக்கிளேஸ், அதாவது நிறமூட்டி சேராத கிளேஸ், ஒன்றே ஒன்று. அதில் ஏழு நிறமூட்டிகள் எப்படி நடந்துகொள்கின்றன, சோதனை எந்தெந்த இடத்தில் பொய்யான விடை தரும் என்பதே ஆய்வு.

அடிக்கிளேஸ்

எடுத்துக்கொண்டது மின்சூளையில் கோன் 6க்குச் சுடும் ஒளிபுகும் பளபளப்புக் கிளேஸ். கோன் என்பது குறிப்பிட்ட சூட்டில் வளைந்து சூளையின் வெப்பத்தைக் காட்டும் சிறு கூம்பு; 6 என்றால் சுமார் 1222 டிகிரி செல்சியஸ். ஐந்து பொருள்கள், ஒவ்வொன்றும் 20 பங்கு: பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பார், ஃபெரோ 3134 ஃப்ரிட் (முன்பே உருக்கிப் பொடித்த கண்ணாடி), வோலஸ்டோனைட் (கால்சியம் சிலிகேட் கனிமம்), கயோலின் (வெள்ளைக் களிமண்), 325 மெஷ் சிலிக்கா (மெஷ் என்பது ஓர் அங்குலத்துக்குள்ள சல்லடைக் கண்களின் எண்ணிக்கை). இளக்கிகளின் (கிளேஸை உருகவைக்கும் சோடியம், பொட்டாசியம், கால்சியம் ஆக்சைடுகளின்) கூட்டுத்தொகையை 1 என்று வைத்து மூலக்கூறு விகிதம் போட்டால், சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து சுமார் 0.21, கால்சியம் 0.79, அலுமினா 0.35, போரான் 0.22, சிலிக்கா 3.4 என்று வருகிறது. சிலிக்கா அலுமினாவைப்போல் கிட்டத்தட்ட பத்து மடங்கு இருப்பதால் நல்ல பளபளப்பு. அலுமினா போதுமான அளவில் இருப்பதால் செங்குத்துச் சுவரிலும் நிற்கும்.

இந்தக் கணக்கில் இல்லாதவையும் முக்கியம். மக்னீசியம் இல்லை, துத்தநாகம் இல்லை. கால்சியமோ தாராளம். பின்னால் குரோம்–டின் (வெள்ளீயம்) இளஞ்சிவப்பு வருவதற்குக் காரணம் இதுதான். தாமிரம் நீலப்பச்சைக்குப் போகாமல் புல்பச்சையிலேயே நிற்பதற்கும் காரணம் இதுதான். நிறமூட்டியைத் தொடுவதற்கு முன்பே பாதி விடை இந்த எண்களில் இருக்கிறது.

வெற்று அடிக்கிளேஸ் முதலில் தானே தேற வேண்டும். பயன்படுத்தப்போகும் களிமண்ணில் பூசிச் சுட்டு, அந்தத் துண்டைக் கொதிநீரில் மூன்று நிமிடம் போட்டுப் பனிக்கட்டி நீருக்கு மாற்றிப் பார்க்கவும். மெல்லிய விரிசல் வலை தெரிந்தால் அந்தக் களிமண்ணோடு இந்தக் கிளேஸ் பொருந்தவில்லை. நிறத்தைச் சோதிக்கும் வேலையை அதோடு நிறுத்திவிட்டு, அடிக்கிளேஸைத் திருத்துவதோ களிமண்ணை மாற்றுவதோ முதலில் நடக்க வேண்டும். விரிசல் விடும் அடிக்கிளேஸில் அழகான நீலம் கிடைத்து என்ன பயன்?

எடைக் கணக்கு

நிறச் சோதனைகள் பெரும்பாலும் சூளையில் கெடுவதில்லை, தராசில் கெடுகின்றன. ஒவ்வொரு கோப்பைக்கும் 100 கிராம் அடிக்கிளேஸைத் தனித்தனியாக நிறுத்தால், ஐந்து பொருள் வீதம் முப்பது கோப்பைக்கு நூற்றைம்பது முறை நிறுக்க வேண்டும். எங்கோ ஓரிடத்தில் கயோலின் இரண்டு முறை விழும், அது எந்தக் கோப்பை என்று யாருக்கும் தெரியாது. அடிக்கிளேஸை ஒரே தொகுதியாகக் கரைத்து, குழம்பாகவே பங்கிடுவதுதான் சரியான வழி.

3000 கிராம் உலர்பொடி, 2700 கிராம் தண்ணீர். பொடியைத் தண்ணீரில் தூவி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, கலக்கி, 80 மெஷ் சல்லடையில் இரண்டு முறை வடிகட்ட வேண்டும். வோலஸ்டோனைட் கட்டி தட்டும் பொருள், ஒரு முறை வடித்தால் போதாது. மொத்தம் 5700 கிராம். ஆக 190 கிராம் குழம்பில் 100 கிராம் உலர்பொடி. இதன் ஒப்படர்த்தி (அதே கன அளவுத் தண்ணீரைப்போல் எத்தனை மடங்கு எடை என்பது) சுமார் 1.48, முக்கி எடுக்க ஏற்ற பதம். ஒவ்வொரு கோப்பைக்கு ஊற்றும் முன்பும் அடியிலிருந்து கலக்க வேண்டும். கலக்காமல் ஊற்றினால் கடைசிக் கோப்பைகளில் ஃப்ரிட்டும் சிலிக்காவும் கூடிவிடும்.

நிறமூட்டியை எப்போதும் 100க்கு மேல் கூட்டியே எழுதவும். அடிக்கிளேஸ் 100, கோபால்ட் கார்பனேட் 1, மொத்தம் 101. சிலர் மொத்தத்தை 100 ஆக்கித் திருத்தி எழுதுவார்கள். அப்படிச் செய்தால் சோதனை ஓட்டுக்கு (கிளேஸ் பூசிச் சுடும் சிறு களிமண் துண்டு) ஓடு அடிக்கிளேஸின் அளவும் மாறி, ஒப்பிடும்போது குழப்பம்தான் மிஞ்சும்.

படிவரிசைக்கு, அதாவது ஒரே நிறமூட்டியைப் பல சதவீதங்களில் பார்க்கும் வரிசைக்கு, இரண்டு முனைக் குழம்புகள் போதும். கோபால்ட் வரிசையை எடுத்துக்கொள்வோம். வெற்றுக் குழம்பு ‘அ’. 380 கிராம் குழம்பில் 4 கிராம் கோபால்ட் கார்பனேட் கலந்தது ‘ஆ’, எடை 384 கிராம், செறிவு 2 சதவீதம். 1 சதவீதத்துக்கு ‘ஆ’ 96 கிராம், ‘அ’ 95 கிராம். அரை சதவீதத்துக்கு 48, 142.5. கால் சதவீதத்துக்கு 24, 166. மிச்சமிருக்கும் ‘ஆ’வே 2 சதவீதக் கோப்பை. நான்கு ஓடுகளுக்கும் நிறமூட்டியை நிறுத்தது ஒரே முறை.

படிகளை இரட்டிப்பாகவே வைக்க வேண்டும்: 0.25, 0.5, 1, 2. சம இடைவெளியில் 0.5, 1, 1.5, 2 என்று போட்டால் மேல்முனை மூன்றும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். விதிவிலக்கு இரும்பு. அதில் சுவையான மாற்றமெல்லாம் மேல்முனையில்தான் நடக்கிறது, அங்கே படிகளை நெருக்கமாக வைக்க வேண்டும்.

இரும்புபோல் நிறைய சேரும் பொருளில் எடை ஏறுவதை மறக்கக் கூடாது. 380 கிராம் குழம்பில் 20 கிராம் இரும்பு ஆக்சைடும், கெட்டிப்படாமல் இருக்க 20 கிராம் தண்ணீரும் சேர்த்தால் 420 கிராம். அதில் இருக்கும் அடிக்கிளேஸ் 200 கிராம்தான். 4 சதவீதத்துக்கு இதில் 84 கிராம், வெற்றுக் குழம்பு 114 கிராம். இந்தத் திருத்தம் இல்லாமல் பாதிக்குப் பாதி என்று ஊற்றினால், எழுதிவைத்த சதவீதமும் ஓட்டில் இருக்கும் சதவீதமும் வேறுவேறாகிவிடும்.

மிகச் சிறிய அளவுகளுக்கு நீர்த்தல் முறை. 0.1 சதவீதம் குரோம் வேண்டுமென்றால் 0.1 கிராமைச் சாதாரணத் தராசில் நிறுக்க முயல்வது வீண். 190 கிராம் குழம்பில் 1 கிராம் குரோம் ஆக்சைடைக் கலந்து, அந்த 191 கிராமிலிருந்து 19.1 கிராம் எடுத்து, 171 கிராம் வெற்றுக் குழம்பில் ஊற்றினால் சரியாக 0.1 சதவீதம். குரோம் சீக்கிரம் அடியில் படியும், கலக்கிய கையோடு ஊற்ற வேண்டும்.

கார்பனேட்டா ஆக்சைடா என்பதைச் சீட்டில் எழுதாதவர்கள் பின்னால் தவிப்பார்கள். கோபால்ட் ஆக்சைடு 1 கிராமுக்கு ஈடு கோபால்ட் கார்பனேட் சுமார் 1.5 கிராம். கறுப்புத் தாமிர ஆக்சைடு 1 கிராமுக்கு ஈடு தாமிர கார்பனேட் சுமார் 1.4 கிராம். சோதனைக்குக் கார்பனேட்டே மேல். துகள் நுண்மையானது, சீராகக் கலக்கும். கோபால்ட் ஆக்சைடை நேரே கொட்டிக் கலக்கினால் வெளிர்நீலத்தில் கருநீலப் புள்ளிகள் தெறிக்கும். எதுவானாலும் இரண்டு கரண்டி குழம்போடு கல்வத்தில் அரைத்து, கோப்பை முழுவதையும் 100 மெஷ்ஷில் வடிப்பது நல்லது. சல்லடையைக் கழுவ அந்தக் குழம்பையே திரும்ப ஊற்றவும். புதுத் தண்ணீர் சேர்ந்தால் பூச்சு மெலிந்து, நிறமும் வெளிறியதுபோல் காட்டும்.

சோதனை ஓடும் சூளையும்

தட்டையாகக் கிடக்கும் வில்லையில் வழிவதைப் பார்க்க முடியாது. ‘ட’ வடிவ ஓடு, நிற்கும் பகுதி 8 முதல் 10 செ.மீ. உயரம். முகத்தில் கொஞ்சம் கோடும் முத்திரையும் பதித்திருக்க வேண்டும், விளிம்பிலும் மேட்டிலும் கிளேஸ் மெலியும்போது என்ன நிறம் என்று அங்கேதான் தெரியும். குறுக்கே கறுப்பு அடிவண்ணத்தில் (கிளேஸுக்கு அடியில் தீட்டும் வண்ணம்) ஒரு பட்டை தீட்டினால் ஒளிபுகும் தன்மையை ஒரே பார்வையில் அளந்துவிடலாம். கோன் 04, அதாவது சுமார் 1060 டிகிரி செல்சியஸில் பிஸ்க், அதாவது கிளேஸ் பூசும் முன் முதல் சூடு, சுடவும். எண்ணை ஓட்டின் அடியில் இரும்பு ஆக்சைடு கரைசலால் எழுதவும். பென்சில் எழுத்து சூளையில் எரிந்து போகும்.

ஓடு முழுவதையும் மூன்று விநாடி முக்கி எடுத்து, ஈரம் இழுத்ததும் மேல்பாதியை மட்டும் இன்னொரு முறை முக்கவும். ஒரே ஓட்டில் மெல்லியதும் தடித்ததும் கிடைக்கும். வெள்ளைக் களிமண், இரும்பு கலந்த களிமண் இரண்டிலும் ஓடு வைத்திருப்பது உத்தமம். இரும்புக் களிமண்ணில் தாமிரப் பச்சை சேறாகும், கோபால்ட் அடங்கிப் போகும்.

சூடு ஏறும் வேகம் 1100 டிகிரி வரை மணிக்கு 150, அதற்கு மேல் மணிக்கு 60. இந்த வேகத்தில் கோன் 6 சுமார் 1222 டிகிரியில் வளையும். அங்கே 10 நிமிடம் நிறுத்தி, 50 டிகிரி இறக்கி மறுபடி 30 நிமிடம் பிடித்தால் ஊசித்துளைகள் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். கட்டுப்பாட்டுப் பெட்டி காட்டும் எண்ணை நம்பி இருக்கக் கூடாது. ஒவ்வொரு தட்டிலும் 5, 6, 7 மூன்று கோன்களும், ஒரு வெற்று அடிக்கிளேஸ் ஓடும் இருக்க வேண்டும். மேல்தட்டில் 6 வளைந்து கீழ்த்தட்டில் 5 மட்டும் வளைந்திருந்தால், அந்த இரண்டு தட்டுகளின் நிறங்களை ஒப்பிடவே முடியாது. ஒரு நிறமூட்டியின் வரிசை முழுவதும் ஒரே தட்டில் நிற்கட்டும்.

அடுக்கும்போது கவனிக்க ஒன்று உண்டு: குரோம் ஓடுகளுக்கும் டின் வெள்ளை ஓடுகளுக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும். குரோம் சூட்டில் ஆவியாகும். பக்கத்தில் நிற்கும் டின் வெள்ளையின் ஓரம் இளஞ்சிவப்பாகிவிடும். தெரியாதவர் அதைப் புதுக் கண்டுபிடிப்பென்று நினைத்து மறுமுறை தேடிக்கொண்டிருப்பார்.

கோபால்ட், தாமிரம்

கோபால்ட் கார்பனேட் சொன்னபடி கேட்கும். கால் சதவீதத்தில் தெளிந்த வெளிர்நீலம், அரையில் நடுத்தர நீலம், ஒன்றில் அழுத்தமான நீலம், இரண்டில் மையிருட்டு. இந்த அடிக்கிளேஸில் மக்னீசியம் இல்லாததால் ஊதாச் சாயல் எட்டிப்பார்ப்பதில்லை. இரண்டுக்கு மேல் போடுவது பணத்தைச் சூளையில் போடுவதுதான், நிறம் அதற்கு மேல் அடர்வதில்லை. கோபால்ட் நல்ல இளக்கியும்கூட, தடித்த பகுதியில் கீழ்விளிம்பு கொஞ்சம் திரளும்.

தாமிர கார்பனேட் 1 சதவீதத்தில் இளம்பச்சை, 2இல் புல்பச்சை, 4இல் இருண்ட பச்சை. 5ஐத் தாண்டினால் கரைய இடமில்லாத தாமிரம் மேற்பரப்பில் கறுத்து, உலோகப் பூச்சுபோல் படியும். மயில்கழுத்து நீலம் தேடுகிறவர்களுக்கு இந்த அடிக்கிளேஸ் ஏற்றதல்ல. அந்த நிறத்துக்குச் சோடியம் மிகுதியாகவும் அலுமினா குறைவாகவும் வேண்டும். அப்படிப்பட்ட கிளேஸ் விரிசல் விடாமல் இருப்பது அபூர்வம். தாமிரம் 2, டின் ஆக்சைடு 5 என்று சேர்த்தால் பால் கலந்த மென்பச்சை வரும், கொஞ்சம் நீலத்தின் பக்கம் சாயும். அதுவே இங்கே கிடைக்கக்கூடிய எல்லை.

இரும்பு

இதில்தான் படிவரிசை அதிகம் கற்றுத்தருகிறது. சிவப்பு இரும்பு ஆக்சைடு 1, 2 சதவீதத்தில் தேன்சாயல், 4இல் அம்பர், 6இல் ஒளி மங்கும் பழுப்பு. இதுவரை ஒரே சரிவு. 8க்கு மேல் நடத்தையே மாறுகிறது. உருகிய கண்ணாடி தாங்கும் அளவைத் தாண்டிய இரும்பு ஆறும்போது படிகமாகப் பிரிகிறது. தடித்த இடத்தில் கறுப்பு, விளிம்பில் துருச்சிவப்பு. 10இல் இந்த முரண் முழுமையாகத் தெரியும். வேகமாக ஆறினால் கறுப்புப் பளபளப்பு மேலோங்கும். 1000 டிகிரி முதல் 850 வரை மெல்ல ஆறவிட்டால் துருச்சிவப்புப் படிகங்கள் பரவும். ஒரே செய்முறை இரண்டு சூளைகளில் இரண்டு நிறம் தருவதன் மர்மம் பெரும்பாலும் இந்த ஆறும் வேகம்தான்.

இரும்பு ஓடுகளில் கொப்புளம் வந்தால் உச்ச வெப்பத்தைப் பார்க்கவும். சுமார் 1230 டிகிரிக்கு மேல் இரும்பு ஆக்சைடு தன் ஆக்சிஜனில் ஒரு பங்கை விட்டுவிடும். கோன் 6 அந்த வாசலிலேயே நிற்கிறது. கோன் 7 வளைந்த தட்டில் 10 சதவீத ஓடு கொதித்திருந்தால் அடிக்கிளேஸைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

மாங்கனீசு, ருட்டைல், டின்

மாங்கனீசு இங்கே 2 முதல் 4 சதவீதத்தில் பழுப்பு, அவ்வளவே. ஊதா வேண்டுமென்றால் சோடியம் மிகுந்த கிளேஸுக்குப் போக வேண்டும். மாங்கனீசு டைஆக்சைடு படிப்படியாக ஆக்சிஜன் விடும், கடைசிப் படி 1000 டிகிரியை ஒட்டி. போரான் உள்ள இந்தக் கிளேஸ் அதற்குள் மூடத் தொடங்கிவிடுவதால் கொப்புளம் வர வாய்ப்பு அதிகம். கார்பனேட்டில் பெரும்பகுதி வாயு தாழ்ந்த வெப்பத்திலேயே போய்விடும். மாங்கனீசுப் புகை நரம்பு மண்டலத்தைத் தாக்கும், சூளை அறையில் காற்றோட்டம் இல்லாமல் இதைச் சுடக் கூடாது. தனி நிறமாக வைத்துக்கொள்வதைவிடக் கறுப்புக்குத் துணையாக வைப்பது மேல்: இரும்பு 8, கோபால்ட் கார்பனேட் 1, மாங்கனீசு 2. கோபால்டும் மாங்கனீசும் உருகலைக் கூட்டுவதால் இது வழியும். சிலிக்கா 3 முதல் 5 வரை சேர்த்தால் அடங்கும்.

ருட்டைல் (டைட்டானியம் ஆக்சைடு கனிமம்) தனியாக 4 சதவீதத்தில் சந்தனச் சாயலும் மங்கலும். அதன் பெருமை மற்ற நிறங்களை உடைப்பதில்தான். கோபால்ட் 0 முதல் 1, ருட்டைல் 0 முதல் 6 என்று ஐந்துக்கு ஐந்து கட்டமாகச் சோதிப்பது இங்கே பொருத்தம். நான்கு மூலைக் குழம்புகள்: வெற்று, கோபால்ட், ருட்டைல், இரண்டும் சேர்ந்தது. முதலில் இடப்பக்கச் செங்குத்து வரிசையின் ஐந்து கலவைகளையும், அடுத்து வலப்பக்க வரிசையின் ஐந்தையும் ஊசிக்குழலால் அளந்து கலக்கவும். பிறகு ஒவ்வொரு இடவலச் சோடியையும் குறுக்கே நான்கு படியாகக் கலந்தால் இருபத்தைந்தும் தயார். கோபால்ட் கால் முதல் அரை, ருட்டைல் 4 முதல் 6 உள்ள மூலையில் சாம்பல்நீலம் வரிவரியாக உடையும். வழிவதும் அந்த மூலையில்தான், கீழே பழைய தட்டுத்துண்டு வைக்கவும்.

டின் ஆக்சைடு 5 சதவீதத்தில் மென்வெள்ளை, 7இல் கறுப்புப் பட்டை ஏறக்குறைய மறையும். சிர்க்கோனியம் சிலிகேட்டில் அதே மறைப்புக்குக் கிட்டத்தட்ட இரட்டிப்பு அளவு வேண்டும். அது கிளேஸைக் கெட்டிப்படுத்துவதால் ஊசித்துளையும் கூடும். ஆனாலும் வெறும் வெள்ளைதான் தேவையென்றால் சிர்க்கோனியமே சிக்கனம். டின்னுக்கு வேறு வேலை இருக்கிறது.

குரோமும் டின்னும்

குரோம் ஆக்சைடு தனியாக 0.25 முதல் 1 வரை ஒளிபுகாத இலைப்பச்சை. நல்ல நிறம் என்று சொல்ல மாட்டோம், தட்டையான பச்சை. 2இல் கரையாத குரோம் மேலே நின்று மேற்பரப்பு உலர்ந்து போகும்.

டின் 5 சதவீதமும் குரோம் 0.15 முதல் 0.25 வரையும் சேர்த்தால் பச்சை போய் இளஞ்சிவப்பு வருகிறது. கால்சியமும் டின்னும் சிலிக்காவும் சேர்ந்து மலாயைட் என்ற நுண்படிகம் உருவாகி, குரோம் அதற்குள் இடம்பிடிப்பதால் இந்த நிறம். அந்தப் படிகத்துக்குக் கால்சியம் தாராளமாக வேண்டும், துத்தநாகமும் மக்னீசியமும் இருக்கவே கூடாது. டின்னுக்கும் குரோமுக்கும் விகிதம் 20க்கு 1 முதல் சுமார் 33க்கு 1 வரை. குரோமை 0.5 ஆக்கினால், விகிதம் 10க்கு 1 ஆகி, நிறம் அழுக்கு ஊதாவாகவும் சாம்பல்பச்சையாகவும் கெடும். ‘நிறம் போதவில்லை’ என்று குரோமைக் கூட்டுவதுதான் இங்கே எல்லோரும் செய்யும் தவறு. கூட்ட வேண்டியது டின். கோபால்ட் கார்பனேட் 0.1 சேர்த்தால் இளவூதா.

நிக்கல் இந்த வரிசையில் இல்லை. துத்தநாகம் இல்லாத அடிக்கிளேஸில் அது சாம்பலும் பழுப்பும் மட்டுமே தரும், பொடியோ புற்றுநோய் விளைவிக்கக்கூடியது. பொடியைக் கையாளும் எந்த நேரத்திலும் தூசி வடிகட்டும் முகக்கவசம் வேண்டும். மேசையை ஈரத்துணியால் துடைக்கவும், பெருக்கக் கூடாது. சிலிக்கா தூசியே போதும் நுரையீரலைக் கெடுக்க.

ஓட்டிலிருந்து பாத்திரத்துக்கு

ஓடுகளைப் பகல் வெளிச்சத்தில், அதே தட்டின் வெற்று ஓட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கவும். தேர்ந்தெடுத்த நிறத்தை நேராகப் பத்து கிலோ கரைக்காமல், ஒரு கிலோ கரைத்து இரண்டு மூன்று கிண்ணங்களில் பூசிப் பார்ப்பது நல்லது. கிண்ணத்தின் உள்குழிவில் கிளேஸ் தேங்கித் தடிக்கும். ஓட்டில் ஒழுங்காக நின்ற இரும்பு 10, ருட்டைல் 6 போன்றவை அங்கே குளம் கட்டும்.

உணவுப் பாத்திரத்தின் உட்புறத்துக்கு அடுத்த சோதனை வினிகர். ஓட்டைப் பாதி மூழ்கும்படி மூன்று நாள் ஊறவைத்து எடுத்து, மூழ்கிய பகுதியில் நிறமோ பளபளப்போ மாறியிருக்கிறதா என்று பார்க்கவும். மாறியிருந்தால் அந்த நிறம் உட்புறத்துக்கு ஆகாது. மாறாவிட்டாலும் அது சான்றிதழ் அல்ல, கண்ணுக்குத் தெரியாத அளவிலும் உலோகம் கரையும். 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் ஊற்றிவைத்து, கரைந்த உலோகத்தை ஆய்வகத்தில் அளப்பதே உறுதியான வழி. ஆய்வகத்தில் வழக்கமாகப் பார்ப்பது ஈயமும் காட்மியமும், இந்தக் கிளேஸில் அவை இரண்டும் சேர்க்கப்படவில்லை. கேட்டு அளக்கச் சொல்ல வேண்டியவை தாமிரம், மாங்கனீசு, கோபால்ட், குரோம். முதலில் அனுப்ப வேண்டியது தாமிரம் 4 சதவீத ஓடு. அளவு அதில் கூடுதலாக வந்தால் 2க்கு இறக்கி மறுபடி அளக்கவும், அதுவரை அந்தப் பச்சை பூச்சாடிகளுக்கும் பாத்திரத்தின் வெளிப்புறத்துக்கும் மட்டும்.